நான்தான் கன்னியம்மாள், அந்தப் பக்கத்தை வெட்டாதீர்கள்

திருத்தணி,
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.

சென்னையில் புத்தகம் போடுகிற உயர்திரு வளவன் அவர்கள் சமூகத்துக்கு, அனுசுயாவின் ஆயா கன்னியம்மாள் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழை அளவோடு பெய்கிறது, நானும் அளவோடு இருமுகிறேன், மலைமேல் இருப்பவர் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறார். அதுபோல உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் முழங்கால் வலி இல்லாமலும் சின்னவர்கள் செல்போன் இல்லாமலும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கவில்லை என்று நம்புகிறேன். தேங்கியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து படிக்கவும், நனைந்தால் மறுபடி எழுத எனக்குக் கை வராது.

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். சும்மா படிக்கவில்லை, பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொன்னவள். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்று என் நைனா நிறுத்திவிட்டார், இல்லையென்றால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள். என் மகன் வயிற்றுப் பேத்தி அனுசுயா எம்.ஏ. வரை போனாள். இந்தக் குடும்பத்துக்குப் படிப்பு என் வழியாகத்தான் வந்தது. என் மருமகள் விஜி வேறு மாதிரி சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அனுசுயாவுக்கு நீங்கள் போட்ட கடிதத்தைத் திங்கட்கிழமை தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஆபீசில் பசை சரியாகத் தடவவில்லை, நான் சும்மா தடவிப் பார்த்ததும் அதுவே திறந்துகொண்டது. 'ஜன்னலுக்கு இந்தப் பக்கம்' நாவல் நன்றாக இருக்கிறது, நடை நன்றாக இருக்கிறது, மனிதனின் தனிமையை இவ்வளவு பொறுமையாக யாரும் எழுதியதில்லை என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள், படித்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஆனால் 213-ஆம் பக்கம் மட்டும் நம்பும்படியாக இல்லை, அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பெண் இப்படிச் செய்வாளா, அதை எடுத்துவிடச் சம்மதித்தால் தை மாதத்தில் புத்தகம் வந்துவிடும், பதினைந்து நாளில் பதில் போடுங்கள்' என்று முடித்துவிட்டீர்கள். அனுசுயா அதைப் படித்தாள். "முடியாது" என்றாள். நாவல் கட்டைப் பழைய புடவையில் சுற்றி பீரோமேல் போட்டாள். "அந்தப் பக்கம் இல்லாம எனக்கு இந்தப் புத்தகமே வேணாம் ஆயா. இனிமே நான் எழுதப் போறதும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நாலு வருஷம் எழுதியவள் ஐயா. கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் "நாவல் முடியட்டும்" என்றவள். மூன்று நாளாகப் பேனாவைத் தொடவில்லை, நேற்று மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினால் உட்கார்ந்து பார்க்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் மகனும் மருமகளும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூல்மேல் ஏறிக் கட்டை இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு 213-ஆம் பக்கத்தைப் பிரித்தேன். பிரித்தவள் அப்படியே ஸ்டூல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருப்பது நான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாவலில் ஒரு கிழவி, தான் தான்தான் என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீசாக அலைகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, கடைசி வரை 'மனுதாரர்' என்றுதான் எழுதியிருக்கிறாள். "ஏண்டி, நம்மூர்ல கன்னுக்குட்டிக்கே லட்சுமின்னு பேரு வெக்கிறோம், ஒரு பொம்பளைக்கு வெக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "பேரு இல்லாததுதான் ஆயா நாவலே" என்றாள். 213-ஆம் பக்கத்தில் மனுதாரர் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறார். உள்ளே இருப்பது சொந்தப் பேத்தி. பேத்தி மெஷினைப் பார்க்கிறாள், கிழவியைப் பார்க்கிறாள், "அம்மா, உங்க முகம் பொருந்தலை. அடுத்தவங்க வாங்க" என்கிறாள். உலகத்தில் எந்தப் பேத்தி இப்படிச் செய்வாள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஒருத்தி இருக்கிறாள் ஐயா. தினம் காலையில் நான் வைத்த ரசத்தைக் குறை சொல்லிவிட்டு இரண்டு தடவை ஊற்றிக்கொள்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் முழுக்க அனுசுயா கடைசி அத்தியாயம் வராமல் உட்கார்ந்திருந்தாள். எழுதுவாள், கிழிப்பாள், மோட்டுவளையைப் பார்ப்பாள். எனக்கு இலக்கியம் தெரியாது, வேண்டுதல் தெரியும். 'முருகா, இந்தப் பொண்ணு நாவலை முடித்தால் என் முடியைத் தருகிறேன்' என்று சொல்லிவிட்டேன். சித்திரையில் ஒருநாள் அவள் எழுந்து, "ஆயா, முடிஞ்சிடுச்சு" என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையில் இருந்தேன். முடி எடுக்கிறவர் என் வயசைப் பார்த்துவிட்டு, "பூமுடி குடுத்தா போதும்மா, மூணு கத்தை எடுத்துட்டா வேண்டுதல் தீந்துடும்" என்றார். "நாவல் இருநூறு பக்கம்ப்பா, மூணு கத்தை எப்படிப் பத்தும்? முழுசா எடு" என்று சொல்லித் தலையைக் குனிந்தேன். மொட்டை, சந்தனம், தரிசனம் எல்லாம் முடித்து இறங்கி வந்தால், இந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ ஆயா, முடிஞ்சிடுச்சுன்னு நான் சொன்னது பேனாவுல மையி" என்கிறாள். என்ன செய்வது? கொடுத்த முடியைத் திரும்பக் கேட்க முடியுமா? முன்பணமாக வைத்துக்கொள் சாமி என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே எனக்கு உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க வேண்டிய வாரம். உங்களுக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர், அவர் போன பிறகு பென்ஷன் எனக்கு வருகிறது, வருஷத்துக்கு ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் என்கிற தம்பி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார், சான்றிதழ், பட்டா, ஆதார் என்று ஊரே அங்கேதான் நிற்கும். அங்கே ஜன்னலில் உட்கார்ந்திருப்பது எங்கள் அனுசுயா. நாலு வருஷம் அந்த ஜன்னலுக்கு வந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் நாவலே எழுதினாள். சொந்தப் பேத்தி இருக்கிற ஜன்னல்தானே, நமக்கென்ன கவலை என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

முதலில் விரலை வைக்கச் சொன்னாள். பிறந்த வீட்டில் தறிப் பாவுக்குக் கஞ்சி போட்டு, புகுந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த விரல், அதில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் கீங் என்று கத்தியது. சரி, முகத்தைக் காட்டு என்றாள். காட்டினேன். மெஷினில் இருக்கிற பழைய போட்டோவில் எனக்குக் கொண்டை, பூ, எண்ணெய் வைத்து வாரிய வகிடு. இங்கே தலையில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. மூன்று தடவை பார்த்தது, மூன்று தடவையும் நான் இல்லை என்றது.

"நீ சொல்லுடி, நான்தான்னு" என்றேன்.

"நான் சொன்னா ஆவாது. மெஷின் சொல்லணும்."

"உன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டினவடி நானு!"

"தொட்டிலுக்கு இதுல கட்டம் இல்ல."

பின்னால் வரிசையில் இருந்த ஜனம் கொதித்துவிட்டது. "இன்னாம்மா இது, சொந்த ஆயாவையே தெரியலன்ற?" என்று ஒருத்தர். "ஒரு பட்டன் தட்டினா முடிஞ்சிது, தட்டிவுடேன்" என்று இன்னொருத்தர். அனுசுயா தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க ஆயாவுக்கு நான் தட்டிவுட்டா, நாளைக்கு அவங்கவங்க வூட்டு ஆளுக்குத் தட்டிவுடச் சொல்லி வருவீங்க. அப்புறம் இந்த ஊர்ல செத்தவங்க எல்லாரும் பென்ஷன் வாங்குவாங்க." எனக்குக் கோபம் ஒரு பக்கம், என் பேத்தி எவ்வளவு நேர்மை பார் என்று பெருமை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து இருமல் வந்துவிட்டது.

இதற்குள் ஜெயப்பிரகாஷ் தம்பி ஓடி வந்து, "வெளிச்சம் பத்தலம்மா, இப்படி பெஞ்சுல உக்காருங்க, நானே செல்லுல எடுக்கிறேன்" என்றார். அந்த பெஞ்சில் ஆர்.கே.பேட்டை ஜெயம்மா என்று ஒருத்தி, என் வயசு, என் மாதிரியே மொட்டை, என் மாதிரியே சந்தனம், மகனுக்கு வேலை கிடைத்த வேண்டுதலாம், உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை, ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு மொட்டை இருக்கும். "கன்னியம்மா, இங்க பாருங்க" என்று தம்பி செல்லை நீட்டினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்க ஜெயம்மா எட்டினாள். டிங் என்று பச்சை விளக்கு. 'கன்னியம்மாள் உயிரோடு இருக்கிறார்.'

ஜனம் கை தட்டியது. "பாத்தியா, வந்துட்ச்சு!" ஜெயம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஏங்க்கா, என் மூஞ்சியில நீ உசிரோட இருக்கறன்னா, நான் எங்க போனேன்?"

"நீ இங்கதான் இருக்க ஜெயம்மா, பயப்படாத."

"அது சரி, இப்ப ஆர்.கே.பேட்டை பஸ்ஸு நான் ஏறணுமா, நீ ஏறணுமா? எங்க வூட்ல இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு, அத்த மட்டும் நான் வுடமாட்டேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், தம்பி பிரிண்ட் போடப் போகிறார், அனுசுயா மட்டும் எழுந்து நின்றாள். "அண்ணா, அதை ரத்து பண்ணுங்க. அது எங்க ஆயா முகம் இல்ல" என்றாள். கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா. மெஷின் ஆமாம் என்கிறது, முதலாளி ஆமாம் என்கிறார், ஊர் ஆமாம் என்கிறது, இவள் ஒருத்தி இல்லை என்கிறாள். ரத்து பண்ணவும் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் சொல்வதைப் போலவே, அதே குரலில் சொன்னாள்: "அம்மா, உங்க முகம் பொருந்தலை. அடுத்தவங்க வாங்க."

ஆயா என்று சொல்லவில்லை. அம்மா என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நாவலில் அந்தக் கிழவி நாற்பது பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவரும் பேசுவதில்லை. முதல் தடவை அனுசுயா அதைப் படித்துக் காட்டியபோது நான் சண்டை போட்டேன். "நம்மூரு பெஞ்சுல நாலு நிமிஷம் தனியா உக்கார வுடுவாங்களாடி? எந்த ஊரு, யார் வூடு, எத்தினி புள்ளைங்க, முட்டிக்கு இன்னா தைலம் தடவறன்னு கேட்டுப்புட மாட்டாங்களா? உன் கிழவி எந்த ஊர்க் கிழவி?" என்று கேட்டேன். அவள் பக்கத்தைத் திருப்பி மேலே படித்தாள். சென்டரில் அன்றைக்கு அந்த 'அம்மா' காதில் விழுந்ததும் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெயம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஒருத்தர் தண்ணீர் பாட்டில் நீட்டினார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தலையில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. யாருடைய தலையையோ தொட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு படித்த பெண் சொல்கிறாள், ஒருவேளை சரியாகத்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தை அவள் ஜன்னலுக்குள் இருந்து பார்த்திருக்கிறாள். என் கை வழுக்கியதைக்கூட எழுதியிருக்கிறாள். யாரிடமும் நான் சொல்லாததை அவளுக்கு யார் சொன்னது? அந்தப் பக்கத்தை நம்ப முடியவில்லை என்று வெட்டச் சொல்கிறீர்களே.

நான் கதி இல்லாமல் போய்விட்டேன் என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை நேராகப் பெரிய ஆபீசுக்கே போய்விட்டோம். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன், அடுத்த வருஷமும் அங்கேதான் போக வேண்டும். நான் கன்னியம்மாள்தான் என்று சாட்சி சொல்லத் தெருவில் இருந்து பதினோரு பேர், ஆட்டோ ஓட்டுகிற திலீப் வண்டியில் இரண்டு நடை. ஆபீசர் பார்த்துவிட்டு, "இதுல யாரும்மா உயிரோட இருக்கிறது?" என்றார். பதினோரு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி நான்தான் கூட்டிப் போயிருந்தேன். அவர் என் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் கவனித்தேன், அவரும் மொட்டை. கழுத்தில் தொங்குகிற அட்டையில் சுருட்டை முடியோடு ஒரு பிள்ளை சிரிக்கிறது.

"ஐயா, உங்க கழுத்துல தொங்குறவரு யாரு? உங்க தம்பியா?" என்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தலையைத் தடவினார். "இன்னா வேண்டுதல்மா உங்களுது?" என்றார்.

"பேத்தி நாவல் முடிக்கணும்னு."

"முடிச்சிட்டாங்களா?"

"எங்க முடிச்சா? அதான் பாதி உசிரா அலையிறேன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதை வீட்டில் வந்து சொன்னேன். அனுசுயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனாள். அரைகுறையாக இருந்த முடிவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். ஆனியில் உங்களுக்கு அனுப்பினாள். அப்படி வந்த பக்கம் அது.

ஆகையால் தயவுசெய்து கேட்டுக்கொள்வது என்னவென்றால், 213-ஆம் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அச்சடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நேரில் வாருங்கள், பதினோரு பேரையும் கூட்டி வருகிறேன், ஜெயம்மாவையும் ஆர்.கே.பேட்டையில் இருந்து வரவழைக்கிறேன். மாற்ற வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அந்த நாற்பது பக்க பெஞ்சில் நாலு பேரைப் பேச விடுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். முருகன் முடியை வாங்கிக்கொண்டு ஆறு மாசம் ஆகிறது. அவர் தன் பங்கைச் செய்துவிட்டார், இனி உங்கள் பங்குதான் பாக்கி.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், போட்டோவில் இருக்கிற முகத்தோடேயே இருக்கட்டும். உங்கள் அச்சு மெஷினுக்கும் திருஷ்டி கழிக்கவும்.

இப்படிக்கு,
உண்மையிலேயே,
கன்னியம்மாள்
(கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் அனுசுயாவிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். பசை சரியில்லாத கவரைப் பிரிக்கிற குணம் அவளுக்கும் இருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டு, "ஆயா, வூட்ல கீறது பழைய கட்டு. அவருக்குப் போனதுல பக்க நம்பர் மாறிட்ச்சு. நீ சொல்ற ஜன்னல் பக்கத்தை அவரு வெட்டச் சொல்லவே இல்ல. அதைத்தான் பொறுமையா எழுதியிருக்கன்னு மெச்சிக்கினாரு" என்றாள். உங்களுக்குப் போனதில் 213 வேறாம். சென்டரை மூடிவிட்டு அந்த ஜன்னல் பெண் வெளியே வருகிறாளாம், பெஞ்சில் இருக்கிற கிழவியைக் கைப்பிடித்து எழுப்புகிறாளாம், கடைத்தெருவில் பன்னீர் சோடா வாங்கித் தருகிறாளாம், மொட்டைத் தலையைத் தடவி "ஆயா" என்கிறாளாம். இந்த மூன்று நாளும் அதற்குத்தான் இவள் பிடிவாதம். ஐயா, நான் பொய் சொல்லக் கூடாது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்று சென்டரில் இருந்து வீடு வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பத்தடி முன்னால் நடந்தாள். நீங்கள் சொன்னது சரி, நம்பும்படியாக இல்லைதான். மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 213-ஐ வெட்டிவிடுங்கள். நான் சம்மதிக்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: வெட்ட வேண்டாம். மேலே உள்ளதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுக் கிளம்பிப் போனவள், இப்போதுதான் இரண்டு பாட்டிலோடு திரும்பி வந்தாள். தலையையும் தடவினாள். கூப்பிடவும் கூப்பிட்டாள். ஆறு மாசம் தாமதம், ஆனால் நடந்துவிட்டது, நானே சாட்சி. இரண்டு திருத்தம் மட்டும் செய்துகொள்ளவும்: தலையில் நாலு விரல் முடி வளர்ந்திருக்கிறது, கடையில் பன்னீர் தீர்ந்துபோய் லெமன் சோடாதான் கிடைத்தது.